கூலியும் அமானிதமும்: திண்டுக்கல் வரலாறு தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். நடுத்தர வயதுடைய ஒருவர் ஹவ்ளு ஓரமாக எனக்காகக் காத்து நின்றார். "ஹஜ்ரத்! எனக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. வீட்டுக்காரியின் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டேன். என் முதலாளி இன்று முதல் ஸஃப்பில் உங்களுக்கு நேர் பின்னால்தான் தொழுதார். நான் கடைசி ஸஃப்பில் நின்றேன். நான் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அந்த முதலாளியைச் சந்தித்தேன். அவர் கெட்டவர் அல்லர். ஜகாத் கொடுப்பவர்; உம்ரா சென்று வந்தவர். அவர் அமைதியாகச் சொன்ன பதில் இதுதான்: "ஹஜ்ரத்! சரக்கு வாங்கிய பார்ட்டி எனக்கே இன்னும் பணம் தரவில்லை. எனக்கு வராதபோது நான் எப்படிக் கொடுப்பது?"

இது அவர் ஒருவரின் பதில் அன்று. நம் ஊர்க் கடைவீதியில், பட்டறைகளில், மில்களில், தோல் ஷாப்புகளில் அன்றாடம் ஒலிக்கின்ற பதில். மார்க்கம் இதனை ஏற்கிறதா? வரலாறு இதற்கு என்ன மறுமொழி தருகிறது? இதனைச் சற்று ஆராய்வோம்.

மலைக்கோட்டையில் ஒரு ஃபவ்ஜ்தார்

நம் திண்டுக்கல் மாநகரின் மலைக்கோட்டையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதன் அருகே, ஹைதர் அலியின் குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிஸா பேகம் அவர்களின் அடக்கத்தலத்தால் பெயர் பெற்ற பேகம்பூர் அமைந்துள்ளது. இக்கோட்டைக்கு 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராக, அதாவது படையதிகாரம் கொண்ட நிர்வாகியாக வந்து சேர்ந்தவர்தாம் ஹைதர் அலி. அப்போது அவர் மன்னர் அல்லர். மைசூர் அரசிடம் ஊதியம் பெற்ற ஓர் அலுவலர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் கேட்டதை மறவாத நினைவாற்றலும் கணக்கில் கூர்மையும் அவருக்கு வாய்த்திருந்தன. இங்கிருந்தபடி சுற்றுவட்டப் பாளையக்காரர்களை அடக்கினார். பிரெஞ்சுத் தொழில்நுட்பக் கைவினைஞர்களை வரவழைத்து ஆயுதச் சாலை ஒன்றை நிறுவினார்.

1757ஆம் ஆண்டு மராட்டியப் பேஷ்வா பாலாஜி ராவ், ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுப் பெருந்தொகை கேட்டார். கொடுக்க முடிந்ததைக் கொடுத்து, எஞ்சியதற்குப் பல வட்டங்களை ஈடாக வைத்தது மைசூர் அரசு. கருவூலம் வறண்டது. படைவீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. வீரர்கள் பொறுத்துப் பார்த்தனர். பின்னர் அமைச்சர் நஞ்சராஜாவின் மாளிகை வாயிலில் மறியலாக அமர்ந்தனர். உணவும் தண்ணீரும் உள்ளே செல்லவிடாமல் தடுத்தனர். நாட்டையே ஆட்டிவைத்த அமைச்சர், தம் சொந்த ஊழியர்களின் முன்னால் தலைகுனிந்து நிற்கும் நிலை வந்தது.

செய்தி திண்டுக்கல்லுக்கு எட்டியது. ஹைதர் அலி இங்கிருந்து விரைந்து சென்றார். வாளை உருவி வீரர்களைக் கலைக்க அவர் முற்படவில்லை. தம் கணக்கர் காண்டே ராவைக் கொண்டு ஒவ்வொருவரின் கணக்கையும் சரிபார்த்தார். மிகைப்படுத்திச் சொல்லப்பட்டதைக் குறைத்தார். உண்மையான பாக்கி இன்னதென்று வரையறுத்தார். பின்னர் இருந்த பணத்தையும் பொருளையும் கொண்டு அதனைத் தீர்த்து வைத்தார்.

அன்பர்களே! 1761இல் மைசூரின் முழு அதிகாரமும் ஹைதர் அலியின் கைக்கு வந்தது. அதற்குப் பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவற்றுள் ஒன்று, 1758இல் படைவீரர்கள் தெரிந்துகொண்ட ஓர் உண்மையாகும். தங்கள் கூலியை நிறுத்தியவர் யார், கொண்டு வந்து கொடுத்தவர் யார் என்பதை உழைப்பாளிகள் மறப்பதில்லை. நஞ்சராஜாவுக்குப் பதவி இருந்தது. ஹைதருக்கு நம்பிக்கை கிடைத்தது. பதவி போய்விட்டது, நம்பிக்கை அரசாயிற்று.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

வரலாற்றை எழுதும்போது நமக்கு உவப்பானதை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1810ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலேயப் படையதிகாரி வில்க்ஸ், இதே திண்டுக்கல் காலத்தைப் பற்றி ஒரு குற்றச்சாட்டை எழுதியுள்ளார். காயம்பட்ட வீரர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையைப் பெறுவதற்காக, காயம்படாத பலருக்கும் மஞ்சள் தோய்த்த துணியால் கட்டுப்போட்டு ஹைதர் கணக்குக் காட்டினார் என்பது அது. வில்க்ஸ், ஹைதரின் வம்சத்தோடு போரிட்ட கம்பெனியின் ஊழியர். எனவே அவர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. ஆனால் அது உண்மையாக இருந்தால், யார் செய்தாலும் அது மோசடிதான் என்று சொல்வதற்கு ஒரு முஃமின் தயங்கமாட்டான். பொய்க் கணக்கு எழுதி நிறுவனத்திடம் பணம் பெறுவது, வீரத்தாலும் ஹலாலாகாது, வறுமையாலும் ஹலாலாகாது.

ஆக, நம் ஊர் மலைக்கோட்டை இரண்டு பாடங்களைச் சொல்லுகிறது. கூலியை நிறுத்துபவர் அழிவார் என்பது முதலாளிக்குரிய பாடம். கணக்கில் பொய் சேர்ப்பது அமானித மோசடி என்பது பணியாளருக்குரிய பாடம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் தராசின் ஒரு தட்டு மட்டுமே நம் கையில் இருக்கும்.

ஹைதர் அலி 1782 டிசம்பரில் மறைந்தபின் அவருடைய மகனார் திப்பு சுல்தான் ஆட்சிக்கு வந்தார். 1790இல் கம்பெனிப் படை கைப்பற்றி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாகக் கைமாறும் வரை திண்டுக்கல்லின் வரலாறு அவருடைய ஆட்சியோடு பின்னிக் கிடந்தது. திப்பு தம் ஆமில்களுக்கு, அதாவது வருவாய் அலுவலர்களுக்கு எழுதிய கட்டளைத் தொகுதி 1792இல் கல்கத்தாவில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. எதிரிகளே மொழிபெயர்த்து வைத்த சான்று அது. கிராமத் தலைவர்களான பட்டேல்கள் தம் நிலங்களைக் குடியானவர்களைக் கொண்டு இலவசமாக உழுவித்துக்கொள்ளும் வழக்கத்தை அது தடுக்கிறது. அவர்கள் தம் நிலத்தைத் தாமே உழுதுகொள்ள வேண்டும் என்கிறது. ஏழைக் குடியானவர் ஏர் வாங்கக் கடன் கொடுத்து, ஓரிரு ஆண்டுகளில் திரும்பப் பெற வேண்டும் என்கிறது. அதிகாரம் இருக்கிறது என்பதற்காகப் பிறர் உழைப்பைச் சும்மா வாங்கக் கூடாது என்ற கொள்கை அங்கே சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது.

மக்கத்து வீட்டில் எடுத்த உறுதிமொழி

இக்கொள்கையின் ஊற்றுக்கண் எது? நபித்துவத்திற்கும் முந்திய மக்காவுக்குச் செல்வோம்.

யமன் நாட்டு ஸபீத் என்னும் ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவர், குறைஷிகளின் செல்வாக்கு மிக்க ஆஸ் இப்னு வாயில் என்பவனிடம் தம் சரக்கை விற்றார். சரக்கைப் பெற்றுக்கொண்ட அவன் விலையைத் தர மறுத்தான். வெளியூர்க்காரருக்கு அங்கே உறவு இல்லை, ஆதரவு இல்லை. அவர் அபூகுபைஸ் மலைமீதேறி, கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்த குறைஷிகள் கேட்கும்படி முறையிட்டார். அப்துல் முத்தலிபின் மகனார் ஸுபைர் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் சில குலத்தார் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவருடைய உரிமையை மீட்டுக் கொடுக்கும் வரை ஒரே கையாக நிற்போம் என்று உறுதி எடுத்தனர். ஆஸிடம் சென்று அந்த வணிகரின் பொருளை மீட்டும் கொடுத்தனர். வரலாறு இதனை 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று அழைக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ இருபது வயது இளைஞராக நம் நாயகம் (ஸல்) அவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் நபித்துவம் பெற்ற பின்னும், அந்த ஒப்பந்தத்திற்கு ஈடாகச் செந்நிற ஒட்டகங்கள் கிடைத்தாலும் தாம் ஏற்கப்போவதில்லை என்றும், இஸ்லாத்திலும் அத்தகைய அழைப்பு வந்தால் பதிலளிப்பதாகவும் கூறினார்கள். செய்தவர்கள் அன்று முஸ்லிம்கள் அல்லர். கேட்டவரும் முஸ்லிம் அல்லர். ஆயினும் தரவேண்டிய பணத்தைப் பெற்றுத் தரும் செயல் அல்லாஹ்வின் தூதருக்கு அவ்வளவு விருப்பமானதாக இருந்தது.

நாயகம் (ஸல்) அவர்கள் உழைப்பாளியாகவும் வாழ்ந்தார்கள். மக்கத்தாரின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள் (புகாரீ). அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றுக்கொண்டு ஷாம் தேசம் சென்றார்கள். உடன் சென்ற பணியாள் மைஸரா திரும்பி வந்து கூறியவை, பெரும்பாலும் அவர்களின் நேர்மையையும் நற்குணத்தையும் பற்றியவையே. ஒரு முதலாளி தம் பணியாளரின் நம்பகத்தன்மையைக் கண்டு வியந்த அந்த நிகழ்ச்சியே, பின்னர் ஒரு பரக்கத்தான இல்லறத்திற்கு வழிவகுத்தது.

கூலி யாருடைய கடன்?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். "எனக்கு வராதபோது நான் எப்படிக் கொடுப்பது?"

மார்க்கச் சட்டத்தில் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது 'இஜாரா' என்னும் ஒப்பந்தமாகும். வேலை முடிந்தவுடன் கூலி, அமர்த்தியவரின் மீது கடனாகிறது. வாங்கியவர் பணம் கொடுத்தாரா இல்லையா என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை அன்று. ஆதாயம் யாருக்கோ, பொறுப்பும் அவருக்கே என்பது நபிமொழி வழி வந்த சட்ட விதி. சென்ற ஆண்டு சரக்கு நல்ல விலைக்குப் போனபோது, அந்த இலாபத்தில் பங்கு தருகிறேன் என்று எந்தத் தொழிலாளியையாவது அழைத்தோமா? அழைக்கவில்லை. "உன் கூலி இவ்வளவுதான்" என்றோம். இலாபத்தில் பங்கு இல்லாதவர் மீது நஷ்டத்தின் பங்கை மட்டும் எப்படிச் சுமத்துவது? இலாபத்தில் பங்கு பேசிச் செய்யும் 'முளாரபா' கூட்டு வேறு. கூலி வேலை வேறு.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (இப்னு மாஜா). மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்துள்ளான். அவர்களுள் ஒருவன், கூலிக்கு ஆள் அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன் (புகாரீ). உலக நீதிமன்றத்தில் திறமையான வக்கீல் எதிர்த்தரப்பில் இருந்தாலே நாம் அஞ்சுகிறோம். அந்த மன்றத்திலோ வழக்காடுபவனும் அவன், தீர்ப்பளிப்பவனும் அவன்.

உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாத முதலாளியும் உண்டு. அவருக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி திருமறையின் அல்பகரா அத்தியாயம் (2:280) அறிவுறுத்துகிறது. ஆனால் வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இரண்டில் நாம் எவர் என்பதை எப்படி அறிவது? அம்மாதம் நம் வீட்டில் என்ன நின்றது என்று பார்க்க வேண்டும். கறி நிற்கவில்லை, வாகனம் நிற்கவில்லை, மகளின் திருமண மண்டப முன்பணம் நிற்கவில்லை, தொழிலாளியின் கூலி மட்டும் நின்றது என்றால், நாம் நெருக்கடியில் உள்ளவர் அல்லர், இழுத்தடிப்பவர்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த நிகழ்ச்சி இது. ஹாத்திப் (ரலி) அவர்களின் குடும்பத்து அடிமைகள், முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்டுவிட்டனர். முதலில் திருட்டுக்குரிய தண்டனையை வழங்கும்படி கட்டளையிட்டார்கள் கலீஃபா. பின்னர் நிறுத்தினார்கள். எஜமானரை நோக்கி, நீர் இவர்களைப் பட்டினி போடுவதாகவே நான் கருதுகிறேன் என்றார்கள். ஒட்டகத்தின் விலை என்ன என்று உரிமையாளரிடம் கேட்டார்கள். 400 திர்ஹம் என்றார் அவர். எஜமானரே 800 திர்ஹம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள் (முவத்தா). தொழிலாளி தவறு செய்தான் என்று வழக்குக் கொண்டு வருபவரிடம், நீர் அவனுக்குச் சோறு போட்டீரா என்று கேட்ட நீதி அது.

ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், கடைவீதியைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் கடமைகளை விளக்குகையில், கூலியைக் குறைத்தோ வேலையைக் கூட்டியோ தொழிலாளிக்கு அநீதி செய்பவரைத் தடுப்பதையும் சேர்த்தே கூறுகிறார்கள். நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இசைவாகவே உள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் நாள் முடிவதற்குள்ளும், வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், நாட்கூலியை அன்றைய வேலை முடியும்போதும் வழங்கச் சொல்லுகிறது. வியர்வை உலருமுன் என்ற நபிமொழிக்கு அருகில் வந்து நிற்கிறது இந்த நாட்கூலி விதி.

குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவர், தம்மிடம் கூலியை வாங்காமல் சென்றுவிட்ட தொழிலாளியின் தானியத்தைத் தனியே பயிரிட்டுப் பெருக்கினார். அவன் பல காலம் கழித்துத் திரும்பியபோது அதனால் விளைந்த கால்நடைகள் அனைத்தையும் ஓட்டிச் செல்லச் சொன்னார். அந்த ஒரு நல்லமலைச் சொல்லித்தான் அவர் துஆச் செய்தார், பாறை நகர்ந்தது. நம் தொழில் சிக்கல்களில் அடைத்து நிற்கும் பாறைகள் நகர நாமும் துஆச் செய்கிறோம். அவரைப் போல எடுத்துச் சொல்ல நம்மிடம் ஓர் அமல் உண்டா?

தலைமை என்பது சுமை

நிர்வாகி, மேலாளர், சூப்பர்வைசர், முதவல்லி ஆகிய எப்பெயரில் இருந்தாலும் தலைமைப் பொறுப்பு ஓர் அமானிதமாகும். ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்றும், தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த நபிமொழியில் தலைவரும் இருக்கிறார்; எஜமானரின் பொருளுக்குப் பொறுப்பான பணியாளரும் இருக்கிறார்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்னும் துணிமூட்டையைத் தோளில் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். மக்கள் பணியைக் கவனிக்க வேண்டும் என்று தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து அளவான ஓர் ஊதியத்தை நிர்ணயித்தனர். மரணத் தறுவாயில், தம்மிடம் எஞ்சியிருந்த அரசுப் பொருள்களை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவற்றைக் கண்ட உமர் (ரலி) அழுதார்கள்; தமக்குப் பின் வருபவர்களுக்கு அபூபக்கர் வேலையைக் கடினமாக்கிவிட்டார் என்றார்கள். ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்காத வரை நெய்யைத் தொடுவதில்லை என்று இருந்தார்கள் அதே உமர் (ரலி). நஷ்ட காலத்தில் முதல் வெட்டு தம் இலையில் விழ வேண்டும் என்று எண்ணுபவரே தலைவர். நம் நிறுவனங்களிலோ முதல் வெட்டு கூட்டிப் பெருக்கும் பெண்மணியின் சம்பளத்தில்தானே விழுகிறது?

சொல்லும் ஒரு கூலிதான். அனஸ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்திலும் தம்மைச் 'சீ' என்றுகூட அவர்கள் சொன்னதில்லை என்று சாட்சி கூறினார்கள். பத்தாண்டு நம்மிடம் வேலை செய்த பையன் வெளியே சென்று நம்மைப் பற்றி என்ன சாட்சி கூறுவான்?

பணியாளரின் கடமை

அருமைத் தொழிலாளத் தோழர்களே! உங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் பரிந்துரைத்த அந்தப் பெண்மணி, வலிமையும் நம்பகமும் உள்ளவரே கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் என்ற கருத்தைக் கூறியதாகத் திருமறை எடுத்துரைக்கிறது (28:26). அந்தப் பெரியவரும் கால அளவை முன்னரே பேசினார். சிரமப்படுத்த விரும்பவில்லை என்று வாக்களித்தார். யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் கருவூலப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரு தகுதிகளைக் கூறினார்கள் (12:55). திறமையும் நேர்மையும் சேர்ந்தால்தான் பணியாளர் நிறைவு பெறுகிறார்.

நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்துகொண்டு கமிஷன் பெறுபவர்கள் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் ஊர்ப் பூட்டு உலகறிந்தது. நாகல்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் கையாலேயே அதனைச் செய்கிறார்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் வெளிப்புறத்தை வாங்குபவர் பார்க்கிறார். உள்ளே இருக்கும் லீவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவற்றை ஒழுங்காக இழைத்தாரா என்பது செய்தவருக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அந்தத் தெரியாத பகுதியை நம்பித்தான் உறங்குகிறது. நம் ஒவ்வொருவரின் வேலையிலும் அத்தகைய ஓர் உட்பகுதி உண்டு. ஆசிரியருக்குப் பாடத் தயாரிப்பு. ஓட்டுநருக்கு இரவுநேரக் கவனம். கணக்கருக்குச் சிறு சில்லறை. லுஹர் தொழுகைக்கு அனுமதி பெற்றுச் சென்று, தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பது, தொழுகையின் பெயரால் முதலாளியின் நேரத்தை எடுப்பதாகும். பள்ளிவாசலின் சம்பளத்தில் வாழும் என்னைப் போன்ற இமாம்களும், மக்தபில் பிள்ளைகளுக்கு உரிய நேரத்தைக் கொடுத்தோமா என்று கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் மண்ணில் நேர்ந்த இரு தவறுகள்

நம் மாவட்டத்து நூற்பாலைகள் சிலவற்றிலும் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலும் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு வேலை முடிந்தபின் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறினார்கள். நோயாலோ வேறு காரணத்தாலோ இடையில் நின்ற பெண்கள் அத்தொகையை இழந்ததும் உண்டு. உழைத்த கூலியை மூன்றாண்டு பிடித்து வைப்பது எந்தப் பெயரில் நடந்தாலும் கூலியைப் பிடித்து வைப்பதே.

மற்றொன்று தோல் பதனிடும் தொழில். நம் சமுதாயத்தவர் பலருக்கும், பிற சமுதாயத்து உழைப்பாளிகள் பலருக்கும் வாழ்வளித்த தொழில் அது. ஆனால் அதன் கழிவுநீர் நிலத்தில் இறங்கியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 மாசடைந்துவிட்டதாகத் தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கு உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. தீங்கிழைத்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்ற நபிமொழியை மனனம் செய்த நமக்கு, இதனைச் சொல்ல நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. ஆலையின் சுவருக்குள் கூலி கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை; அதே தொழிலாளியின் வீட்டுக் கிணறு சுவருக்கு வெளியே இருக்கிறது.

முடிவாக...

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரரிடம் இவற்றுள் சிலவற்றைத்தான் அன்றிரவு எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மூன்று தவணையில் பாக்கி முழுவதையும் தீர்த்தார். ஆனால் முதல் தவணை வருவதற்குள் அந்தத் தொழிலாளியின் வீட்டுத் தோடு அடகில் மூழ்கிவிட்டது. கூலியைக் கொடுத்தாயிற்று, காலம் தாழ்ந்ததன் விலையையோ வேறொருவர் கொடுத்தார். அந்த விலை மறுமைத் தராசில் யார் பக்கம் வைக்கப்படும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

எனவே அன்பர்களே! கூலியையும் வேலை நேரத்தையும் முன்னரே பேசி, இயன்றவரை எழுதி வையுங்கள். குறித்த நாளில் கொடுங்கள். இயலாவிட்டால் கேட்கும் முன் நீங்களே சென்று, எப்போது தருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முன்பணத்தைக் காட்டி எவரையும் கட்டிப்போடாதீர்கள். கொத்தடிமை முறையை நம் நாடு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. பணியாளர்களே! பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விதமாக வேலை செய்யுங்கள். தாய்மார்களே! உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு நீங்களே முதலாளி. ஜமாஅத் நிர்வாகிகளே! முஅத்தினுக்கும் மதரஸா ஆசிரியருக்கும் நீங்களே முதலாளிகள். பெருநாளைக்கு முன் அவர்களின் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.

அடுத்த ஜும்ஆவில் நாம் அனைவரும் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்போம். நம் பக்கத்தில் நிற்பவருக்கு நாம் தர வேண்டியது ஏதும் உண்டா என்று தக்பீருக்கு முன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஹலாலாகச் சம்பாதிப்பவர்களாகவும், உரியவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுப்பவர்களாகவும், ஒப்படைக்கப்பட்ட பணியை அமானிதமாக நிறைவேற்றுபவர்களாகவும் ஆக்கியருள்வானாக! நம் ஊரின் தொழில்களிலும் உழைப்பாளிகளின் இல்லங்களிலும் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!